முன்வரிசை

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, வழக்கம்போல அரங்கின் பின்வாசலில் நின்று இஞ்சி டீயால் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தாள் வேம்பு. குரல் திறக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. பக்கத்துப் படியில் இஸ்மாயில், தாளப் பலகையை மடியில் வைத்து விரல் நுனியால் தட்டிப் பார்த்தான். வயது நாற்பது. வாயாலும் தாளம் போடுவான், தகரத்திலும் போடுவான், கோபம் வந்தால் அடுத்தவர் முதுகிலும் போடுவான்.

"பாய், நாலாவது பாட்டுல கொஞ்சம் லேட்டா வா. நான் மூச்சு வுடணும்."

"நீ மூச்சு வுட்டா ஊரு தாங்காது. சரி, வரேன்."

முன்வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் மேல்வட்டத்துக்காரர்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள். ஓட்டுப் போடுவது போல, தடுப்பூசி போடுவது போல, இதுவும் ஒரு கடமை. வராவிட்டால் குடும்ப அட்டையில் கறுப்புப் புள்ளி. ஓர் அம்மாள், "பாட்டா, கவிதையா?" என்று விசாரித்தார்.

"ரெண்டும்தான் மேடம். பன்னெண்டு மணிக்கு விட்டுடுவாங்க" என்று சொல்லியபடியே பணியாளர் அவருடைய மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை ஒன்றை மாட்டினார்.

அந்தப் பட்டைதான் எல்லாம்.

கடல் ஊருக்குள் ஏறிய பிறகு சென்னை இரண்டாகிவிட்டது. மேடான பகுதி மேல்வட்டம். உப்புத் தண்ணீர் ஊறிக் கிடக்கிற வடக்குப் பக்கம் கீழ்வட்டம். கீழே இருந்தவர்கள் மனு கொடுத்தார்கள். மறியல் செய்தார்கள். வழக்குப் போட்டார்கள். ஒரு கோப்பும் நகரவில்லை. கடைசியில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார்: மனிதன் இரக்கப்பட்டால் அழுவான், ஆத்திரப்பட்டால் கத்துவான், கூசிப்போனால் மட்டும்தான் எழுந்துபோய் எதையாவது சரிசெய்வான்.

கூச்சத்தை அளக்கப் பிறந்தது கூசுமானி. தோலின் ஈரத்தையும் நாடியையும் படித்து, அணிந்தவர் எவ்வளவு கூசுகிறாரோ அவ்வளவு சூடாகும் கைப்பட்டை. அவருக்கே அது உறைக்கட்டும் என்று சட்டம் செய்தவர்கள் யோசித்துச் சேர்த்த ஏற்பாடு. அதற்கென்றே கட்டிய உறுத்தல் அரங்கில் மொத்தம் அறுபது இருக்கை. அறுபது பட்டைகளின் சூட்டையும் கூட்டிச் சுவரில் ஒரே எண்ணாகக் காட்டுவார்கள். எண் எழுபதைத் தொட்டால் அந்தக் குறை அப்போதே அரசாணை ஆகிவிடும். ஆறு வாரத்தில் வேலை முடிந்தாக வேண்டும். ஒரு குறைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ஐந்து வருடத்துக்கு யாரும் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

ஆனால் யார் போய் ஜனங்களைக் கூச வைப்பது? தெருமுனையில் மைக் பிடித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். உறுத்தர் என்று பெயர் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். ஜனங்கள் ராப்பர் என்றே சொன்னார்கள். ஒன்பது ஆணை வாங்கிய ஒரே உறுத்தர், கொருக்குப்பேட்டை வேம்புலி. சுருக்கமாக வேம்பு. வயது முப்பத்து மூன்று.

இன்றைக்கு எர்ணாவூரின் குடிநீர்க் குழாய். முதல்முறை அறுபத்தொன்று. இரண்டாவது முறை அறுபத்து நான்கு. இது மூன்றாவது. இன்று விழுந்தால் எர்ணாவூரின் முப்பது தெருவும் இன்னும் ஐந்து வருடம் உப்புத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

வேம்புவுக்குப் பயம் இல்லை. அவளிடம் நாலாவது பாட்டு இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் எர்ணாவூர் முனிரத்தினம் அவளிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன ஒரு சங்கதி. அதைக் கேட்டபோதே அவள் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. தாளம் போட்ட அந்தக் காலை நினைத்து அவள் அப்போது வெட்கப்படவில்லை.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மற்ற உறுத்தர்கள் எல்லாம் பிறகு அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. யாருடைய கதையைப் பாடுகிறாளோ அவர்களையும் அவர்கள் தெருவையும் முதல் இரண்டு வரிசையில் உட்கார வைப்பாள். மொத்தம் இருபது இருக்கை. பாட்டுக்கு முன்னால் அவர்கள் பெயரை ஒவ்வொன்றாக மைக்கில் உரக்கச் சொல்லுவாள். 'எங்க ஆளுங்க முன்னாடி. நீங்க பின்னாடி.' நகரத்திலேயே கீழ்வட்டத்துக்காரன் முன்னால் உட்காருகிற ஒரே இடம் என் மேடை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

"வேம்பு."

திரும்பினாள். சலோமி.

வேம்புவுக்கு முகம் மலர்ந்தது. போன வருடம் எண்பத்தொன்று எடுத்துச் சாதனை செய்த பாட்டு சலோமியுடையது. தண்டையார்பேட்டைக்காரி. மேல்வட்ட அடுக்குமாடி ஒன்றில் தினமும் பன்னிரண்டு குளியலறைகளைத் தேய்ப்பாள். அதில் ஒன்றைக்கூட அவள் பயன்படுத்தக் கூடாது. அவள் தெருவில் இருந்த கழிப்பறையைக் கடல் தின்று பல வருடம் ஆயிற்று. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, ஒருநாள் பஸ்ஸில் திரும்பும்போது முடியாமல் போய்விட்டது. அதை வேம்புவிடம் மட்டும் சொன்னாள். வேம்பு அதை இப்படிப் பாடினாள்:

*பன்னெண்டு பாத்ரூம் தேய்ச்சேன், பளிங்காட்டம் மின்னும்*
*ஒரு கதவும் தொறக்கல எனக்கு, அடக்கிக்கினேன் இன்னும்*
*ஏறிக் குந்துன பஸ்ஸுல என் மானம் நனைஞ்சு போச்சு*
*சீட்டு நம்பர் பதினொண்ணு, சிட்டி பூரா பேச்சு!*

தண்டையார்பேட்டைக்கு நாற்பது கழிப்பறை வந்தது.

"சலோமிக்கா! எங்க ஆளையே காணும்? ஒரு வருசமாச்சு. உள்ள வா, முன்னாடி குந்து."

"வாணாம்." சலோமி படியேறவில்லை. "ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இன்னிக்கு எர்ணாவூராமே. யாரு கதை?"

"முனிரத்தினண்ணன். தோட்ட வேலை பாக்குறாரே, அவரு."

"அவருக்குத் தெரியுமா, நீ இன்னா பாடப் போறேன்னு?"

"தண்ணியப் பத்தின்னு தெரியும்."

"எனக்கும் கக்கூஸப் பத்தின்னுதான் தெரியும்" என்றாள் சலோமி.

இஸ்மாயிலின் விரல்கள் நின்றுவிட்டன.

"நான் வேலைய வுட்டுட்டேன் வேம்பு. அந்த வீட்டு ஐயா நல்லவரு. வாசல்லயே ஒரு நாற்காலி போட்டு, மேல பிளாஸ்டிக் விரிச்சு, 'இதுல உக்காரும்மா'ன்னாரு. மனசார சொன்னாரு. பஸ்ல ஏறினா பசங்க பதினோராம் சீட்டைக் காமிச்சுப் பாடுதுங்க. என் தெருவுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்புடறதில்ல. பதினொண்ணுன்றாங்க. பாசமாத்தான் கூப்புடறாங்க." புடவைத் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினாள். "தோ, இதப் பாரு."

மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையல் அகலத்துக்குத் தோல் கன்றிச் சிவந்து, பிறகு கறுத்துப் போயிருந்தது.

"இன்னாக்கா இது?"

"பட்டை சுட்டது. நீ என் பேரச் சொன்ன பாரு, அப்ப ஆரம்பிச்சது. என் பக்கத்துல குந்துனவளுக்கும் தழும்பு கீது. எங்க தெருவுல இருந்து வந்த இருபது பேருக்கும் கீது. பாட்டு முடிஞ்சதும் ஒரு மேல்வட்டத்தம்மா அழுதுகினே வந்து என் கையப் புடிச்சிச்சு. அந்தம்மா பட்டை என் மேல உரசிச்சு. ஐஸ் மாதிரி இருந்துச்சு வேம்பு."

உறுத்தர்கள் பட்டை அணிவதில்லை. சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு உண்டு. பட்டை அவ்வளவு சுடும் என்பதே வேம்புவுக்கு அன்றுதான் தெரியும்.

படி ஏறினாள். நேராக மானி அறை. அங்கே இருபது வருடமாகக் கூசுமானியைப் பார்த்துக்கொள்கிற வரதராசன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், போன வருசம் தண்டையார்பேட்டை. இருக்கை வாரியாக் காட்டுங்க."

"அது ரகசியம்மா. வேலை போயிடும்."

"நான் ஒன்பது ஆணை வாங்கியிருக்கேன். ஒருவாட்டிகூட உங்களை எதுவும் கேட்டதில்ல."

வரதராசன் கதவைச் சாத்தினார். திரையில் அரங்கின் வரைபடம் வந்தது. அறுபது வட்டங்கள். முன்னால் இருபதும் சிவப்பு, நடுவில் ஒன்று ஏறக்குறையக் கறுப்பு. பின்னால் நாற்பதும் வெளிர் நீலம்.

"மத்ததையும் காட்டுங்க."

காட்டினார். மொத்தம் ஒன்பது வரைபடங்கள். ஒன்பதிலும் முன்னால் சிவப்பு, பின்னால் நீலம்.

"பின்னாடி இருக்கிறவங்க அழறாங்களே சார்? நான் கண்ணால பாத்திருக்கேனே?"

"அழறது வேற, கூசறது வேற. இரக்கத்துக்குப் பட்டை சூடாகாதும்மா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க." இட்லியை மூடி வைத்தார். "நீ அவங்களை முன்னாடி உட்கார வெக்க ஆரம்பிச்ச பிறகுதான் எண்ணே ஏறிச்சு. அதுக்கு முன்னாடி எந்த உறுத்தரும் நாப்பதைத் தாண்டினதில்ல. யாரோட கூச்சம்னு சட்டத்துல எழுதல. கணக்கு வந்தா ஆணை போட்டாகணும். பைப்பு வருது, கக்கூஸ் வருது. நானும் கீழ்வட்டத்துக்காரன்தான். எதுக்கு வாயைத் திறக்கணும்?"

வெளியே வந்தபோது எர்ணாவூர் வண்டி வந்து நின்றிருந்தது. துவைத்து மடிப்புக் கலையாத சட்டைகள். தலைக்கு எண்ணெய். முனிரத்தினம் கல்யாணத்துக்கு வருவது போல வெள்ளை வேட்டியில் இறங்கினார். கூடவே மகள் பூவிழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அப்பாவோடு அதே மேல்வட்ட மனமகிழ் மன்றத்தில் தோட்ட வேலைக்குப் போகிறவள்.

"இன்னா வேம்பு, சீட்டு போட்டாச்சா? பொண்ணு முன்வரிசையில நடுவுல குந்தணும்ன்றா."

வேம்பு வாசலில் குறுக்கே நின்றாள். "ண்ணா, யாரும் உள்ள வராதீங்க. இருபது பேரும் வெளியவே இருங்க."

"ஏம்மா?"

"சொல்றேன். அப்பால சொல்றேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே ஓடினாள்.

மணி பத்தரை. விளக்கு எரிந்தது. முன்னால் இருபது காலி இருக்கைகள். அவற்றுக்குப் பின்னால் நாற்பது பேர் அக்கறையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் எண் நான்கு.

வேம்பு பாடினாள். இதுவரை பாடாத மாதிரி பாடினாள். யாருடைய கதையையும் எடுக்கவில்லை. நேராக அவர்களையே எடுத்தாள். அவர்கள் நீச்சல் குளத்தின் ஆழத்தை, புல்தரைக்குத் தெளிக்கிற நீரை, நாய் குளிக்கிற ஷவரை. இஸ்மாயில் பலகையை உடைத்துவிடுவான் போல இருந்தது. மூன்று பாட்டு முடிந்தது. நாற்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார்.

சுவரில் எண் பத்தொன்பது.

இன்னும் ஒரே பாட்டு. ஒன்பது நிமிடம்.

கதவு திறந்தது. முனிரத்தினம் நடந்து வந்தார். மணிக்கட்டில் பட்டை மாட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் எர்ணாவூர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முன்வரிசைகளை நிரப்பினார்கள். நடு இருக்கை மட்டும் காலி.

அவர் மேடையின் விளிம்புக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "சலோமி எல்லாம் சொல்லிச்சு. பொண்ண அதுகிட்ட வுட்டுட்டு வந்திருக்கேன். நீ இன்னா பாடப் போறேன்னு எனக்கு இப்பத் தெரியும். பாடு."

"வாணாம்ண்ணா. தெரிஞ்சே எப்படிண்ணா?"

"எனக்குத் தண்ணி வேணும். உனக்கு இன்னா வேணும்?"

வேம்பு மைக்கைத் தாழ்த்தினாள்.

"நீ நல்லவளா இருக்கணும்னு என் தெரு இன்னும் அஞ்சு வருசம் உப்புத்தண்ணி குடிக்கணுமாம்மா?"

வேம்பு பணியாளரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "எனக்கும் ஒரு பட்டை குடுங்க."

"உங்களோடது கணக்குல சேராதுங்க."

"தெரியும். குடுங்க."

மாட்டிக்கொண்டாள். குளிர்ந்த பட்டை. பெயர்களைச் சொல்லாமல் தொடங்கப் பார்த்தாள். முனிரத்தினம் கீழிருந்து, "பேரச் சொல்லு" என்றார். சொன்னாள். இஸ்மாயில் சொன்னபடி லேட்டாக வந்தான்.

*நாலடுக்கு கேரியரு, ஒண்ணுலயும் சோறு இல்ல*
*நல்ல தண்ணி நாலு சொம்பு, திருடினது வேற இல்ல*
*கேட்டாண்ட புடிச்சான், தலையில வைன்னான்*
*பெத்த பொண்ணு நிக்குது, கீழ ஊத்துன்னான்*

தாளம் நின்றது. வேம்புவின் குரல் மட்டும்.

*ஊத்துனேன். அடுக்கு அடுக்கா ஊத்துனேன்.*
*எம்பொண்ணு மூஞ்சப் பாக்காம*
*தரையப் பாத்து ஊத்துனேன்.*

முனிரத்தினம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் அவருடைய தெரு அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தத்தம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் எண் நாற்பதைத் தாண்டியது. ஐம்பத்தெட்டு. அறுபத்தேழு. பின்வரிசைகளில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

எழுபத்து மூன்று. பச்சை விளக்கு. மணி அடித்தது.

வேம்புவின் மணிக்கட்டில் யாரோ கரண்டியைக் காய்ச்சி வைத்தது போல இருந்தது. அவள் கழற்றவில்லை.

கூட்டம் கலைந்தபோது, பாட்டா கவிதையா என்று விசாரித்த அந்த அம்மாள் ஓடிவந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னமா உலுக்கிட்டேம்மா! இன்னிக்குத் தூக்கமே வராது." வேம்பு அவருடைய பட்டையைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். சலோமி சொன்னது சரிதான்.

ஆணை ஆயிற்று. சட்டப்படி, வென்ற பாட்டு ஒரு மாதம் எல்லாப் பேருந்துத் திரைகளிலும் ஓடியது.

சரியாக ஆறாவது வாரம் எர்ணாவூரில் குழாய்த் திறப்பு. பந்தல், பூமாலை, ஒலிபெருக்கி. வேம்புவும் இஸ்மாயிலும் அழைக்கப்பட்டிருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், இளைஞர். எதையோ யோசித்துச் செய்திருந்த பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. பையிலிருந்து ஒரு புத்தம்புது எவர்சில்வர் கேரியரை எடுத்தார். நாலடுக்கு.

"முனிரத்தினம் ஐயா, முதல் தண்ணியை நீங்க இதுலதான் பிடிக்கணும். பாட்டுல வர்ற மாதிரியே, அடுக்கு அடுக்கா. கேமராவைப் பாருங்க."

யாரும் கேலிக்காகச் சிரிக்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். குழந்தைகள் ஏற்கெனவே பாட ஆரம்பித்திருந்தன: ஊத்துனேன், ஊத்துனேன். முனிரத்தினம் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கேரியரை வாங்கினார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. தெளிந்த, வாசமில்லாத, நல்ல தண்ணீர். முதல் அடுக்கு. இரண்டாவது அடுக்கு. மூன்றாவது அடுக்கை நிரப்பும்போது கூட்டத்துக்குள் யாரையோ தேடினார்.

"வேம்பு மேடம், நீங்க ஒரு வரி பாடினா நல்லாருக்கும்" என்று மைக்கை நீட்டினார் அதிகாரி.

இஸ்மாயில் தாளப் பலகையை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "பேட்டரி இல்ல சார்" என்றான். பலகைக்குப் பேட்டரியே கிடையாது.

வேம்பு மைக்கை வாங்காமல் பந்தலுக்கு வெளியே வந்தாள். எதிர்சாரியில் பழைய அடிபம்பு. ஒரே ஒரு ஆள் அதை அடித்துக்கொண்டிருந்தாள். பூவிழி. பாதிக் குடம் நிறைந்திருந்தது. கலங்கலான, ஓரத்தில் நுரை கட்டிய உப்புத் தண்ணீர்.

வேம்பு பக்கத்தில் போய் நின்றாள்.

"அங்க நல்ல தண்ணி வருதேம்மா" என்றாள்.

பூவிழி அடிப்பதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தெரியும்க்கா. எங்கப்பா அதைத்தான் குடிப்பாரு, ஊரே குடிக்கும். நானும் ஒருநாள் குடிப்பேன், வேற வழி?" குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இந்தத் தண்ணிக்குப் பாட்டு இல்லல்ல?"

அவள் தெருவைத் தாண்டிப் போகும்வரை வேம்பு நின்றாள். பிறகு பம்பை ஒருமுறை தானே அடித்து, வழிந்த தண்ணீரில் இடது கையை நீட்டினாள். பட்டை சுட்டு இன்னும் ஆறாத தோலில் உப்பு பட்டது. கையை எடுக்காமல், இன்னொருமுறை அடித்தாள்.